ஒத்துக்கலையாம்!

தமிழ்நாட்டில் "ஒத்துக்கலை" என்பதைவிட வசதியான மருத்துவச் சொல் கிடையாது. பால் ஒத்துக்கலை, கத்தரிக்காய் ஒத்துக்கலை, மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கலை, புது மாத்திரை ஒத்துக்கலை. அரிப்பு வந்தாலும் அதுதான், வயிறு போனாலும் அதுதான், மாமியார் வீட்டுச் சமையல் பிடிக்காவிட்டாலும் அதேதான் :-) சொன்னவர் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. கேட்டவர் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. நாலு நாள் அந்தப் பண்டத்தைத் தள்ளி வைத்தால் கதை முடிந்தது.

சாதாரண வயிற்றுக்கு இந்தச் சொல் போதும். எடையைக் குறைப்பதற்காக இரைப்பையை வெட்டித் தைத்துக்கொண்ட வயிற்றுக்கு இது போதாது. போதாது என்பதோடு நிற்கவில்லை, ஆளையே சாய்த்துவிடும். அந்த வயிற்றில் "ஒத்துக்கலை" என்ற ஒரே போர்வைக்கு அடியில் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் படுத்திருக்கின்றன. சிலவற்றுக்கு மெதுவாக மென்று தின்றால் போதும். சிலவற்றுக்கு அன்றைக்கே ஆபரேஷன் தியேட்டர். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் வெட்டுகிறவர்கள். எத்தனை கிலோ குறையும் என்று முதல் நாளே சொல்கிறவர்கள், எந்தச் சாப்பாடு எப்படி இறங்காமல் போகும் என்பதைத் தையல் பிரித்தபிறகுதான் சொல்கிறார்கள் என்றால், அதற்கு ஆலோசனை என்று பெயர் வைக்க முடியாது. வியாபாரம் என்று வேண்டுமானால் வைக்கலாம்.

முதலில் ஆபரேஷனைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966ல் தொடங்கி வைத்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இன்றைய வடிவத்தில், இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி கொள்ளும் குட்டிப் பை ஒன்றைப் பிரித்தெடுத்து (இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான்!) நேராகச் சிறுகுடலில் தைத்துவிடுகிறார்கள். மிச்ச இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாட்டை இனி கண்ணால் பார்க்காது. இன்னொன்று ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெறிந்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பது. இன்று உலகத்தில் அதிகம் நடப்பது இதுதான். தோலுக்கு அடியில் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் வேறு சமாச்சாரம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த ஆபரேஷனே வேண்டாம் என்று கொடி பிடிக்க முடியாது. ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2007ல் வெளியான முடிவுகள், அறுவை செய்துகொண்டவர்களிடம் சாவு குறைவு என்று காட்டின. சர்க்கரை நோய் பலருக்குக் கட்டுக்குள் வருகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் மறைந்தே போகிறது. "வாயைக் கட்டத் துப்பில்லாம வயித்த வெட்டிக்கிட்டான்" என்று திண்ணையில் உட்கார்ந்து நக்கல் அடிப்பவர்களுக்கு இதுவே பதில். 120 கிலோவைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இனி கூட்டம் இன்னும் கூடும். 1991ல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி பிஎம்ஐ 40, கூடவே வேறு நோய் இருந்தால் 35, என்று எல்லை இருந்தது. 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. 165 செ.மீ உயரமுள்ள ஒருவருக்கு இது வெறும் 75 கிலோ. பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பாருங்கள். வீட்டில் அப்பாவைப் பாருங்கள். இதனால்தான் இந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

சரி, போர்வையை விலக்குவோம்.

முதலில் கிடப்பது டம்பிங். நல்ல இரைப்பையின் அடிவாசலில் பைலோரஸ் என்று ஒரு தசை உண்டு. கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமாவைப் போல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். பைபாஸில் இந்த மாமா வழியிலேயே இல்லை. இனிப்பான எதையாவது சாப்பிட்டால் மொத்தமும் தடாலென்று சிறுகுடலில் போய் விழுகிறது. அந்தச் சர்க்கரைக் குழம்பை நீர்க்கச் செய்ய, ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் குடலுக்குள் பாய்கிறது. பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு முறுக்கும், பேதியாகும், எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருக்கும். ஒரு கிண்ணம் கேசரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

இதற்கு ஒரு தம்பியும் உண்டு, தாமதமாக வருகிறவன். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து. குடலுக்குள் திடீரென்று பாய்ந்த சர்க்கரையைப் பார்த்து மிரண்ட உடம்பு இன்சுலினை அளவுக்கு மீறி ஊற்றிவிட, ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். கை நடுக்கம், கண் இருட்டல், சிலருக்கு மயக்கம். சாப்பிட்ட நேரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதே பாதிப் பேருக்குத் தோன்றாது. பக்கத்தில் இருப்பவர் "சுகர் லோ ஆயிடுச்சு" என்று ரெண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடுவார். அந்த நேரத்துக்கு அது சரிதான். ஆனால் அதோடு நின்றால் அந்தச் சர்க்கரையே அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கும். பின்னாலேயே கொஞ்சம் சுண்டலோ முட்டையோ போக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஒருவரை பைக் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்வது என்ன நியாயம்?

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த புதிர் என்றால் மன்னித்து விடலாம். அப்படியும் இல்லை. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையை வெட்டியபோதே, நூறு வருடத்துக்கு முன்பே, மருத்துவர்கள் டம்பிங்கைப் பார்த்து எழுதிவிட்டார்கள். தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிக அதிகம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் "ஜி.ஜே." ஆபரேஷன், அதாவது இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது, அன்றாட வேலை. பிறகு ஹெலிகோபாக்டர் கிருமி பிடிபட்டது (அதற்குத்தான் 2005 நோபல் பரிசு), நல்ல மாத்திரைகள் வந்தன, அந்த ஆபரேஷன் அருகிப் போனது. ஆனால் அன்று ஜி.ஜே. செய்துகொண்ட தாத்தாக்கள், பாயசம் குடித்ததும் ஏன் திண்ணையில் போய்ப் படுத்தார்கள் என்பது இந்த ஊர் அறுவை நிபுணர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த அறிவு அடுத்த தலைமுறை நோயாளியின் கைத்தாளில் வந்து சேரவில்லை என்பதுதான் எரிச்சல்.

இன்னும் எரிச்சலானது, டம்பிங்கை ஒரு நன்மையாக விற்பது. "ஸ்வீட் சாப்பிட்டா இப்படி ஆகும் சார், அதனால நீங்களே விட்டுடுவீங்க, ஒரு மாதிரி ட்ரெய்னிங்." பிரம்பை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தது போல! டம்பிங் எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களுக்கும் பல சமயம் காலப்போக்கில் மங்கிவிடுகிறது, அது கடுமையாக வருகிறவர்கள்தான் அதிகம் எடை குறைகிறார்கள் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. வாத்தியார் அடிக்கு வேண்டுமானால் பயன் உண்டு என்று சாதிக்கலாம். இந்த அடிக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது பால். தென்னிந்தியாவில் வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் ஏற்கெனவே குறைச்சல்தான். காபிக்கு ஊற்றும் அளவில் அது வெளியே தெரியாது. பைபாஸுக்குப் பிறகு, லாக்டேஸ் நிறைந்த குடல் பகுதியில் கொஞ்சம் வழியிலிருந்து விலகிவிட, பாலும் வேகமாக இறங்க, மூடியிருந்தது வெளியே வந்துவிடும். வயிறு உப்புசம், வாயு, பேதி. கூடவே நடக்கும் வேடிக்கையைக் கேளுங்கள். புரதம் வேண்டும் என்று விலையுயர்ந்த பவுடர் டப்பாவை எழுதிக்கொடுப்பார்கள். பாலிலிருந்து எடுக்கும் மலிவுவகை வே பவுடர்களில் லாக்டோஸ் இருக்கும். அதைப் பாலிலேயே கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். நோயாளி "புரோட்டீன் பவுடர் ஒத்துக்கலை" என்று டப்பாவை அலமாரி மேல் ஏற்றிவிடுவார். ஒத்துக்கொள்ளாதது புரதமே அல்ல! லாக்டோஸை நீக்கிய பவுடரைத் தண்ணீரில் கலக்கினால் வேலை முடிந்தது. தயிரும் பலருக்குப் பிரச்சினை செய்யாது, உறையும்போதே கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்று தீர்த்துவிடுகின்றன. இந்த மூன்று வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாவது அடைத்துக்கொள்வது. குட்டிப் பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. சரியாக மெல்லாத மட்டன் துண்டு, உருண்டையாகத் திரளும் பிரெட், சப்பாத்தி, குழைந்து பசையான சாதம் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நெஞ்சுக்கு நடுவே கல் வைத்தாற்போல வலி, வாயில் நுரை நுரையாக உமிழ்நீர், கடைசியில் வாந்தி. இது பெரும்பாலும் பழக்கத்தால் சரியாகிவிடும். சின்ன வாய், நிறைய மெல்லல், சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, அரைமணி கழித்துத் தண்ணீர்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் உணவுப் பட்டியல்களைப் பாருங்கள். காட்டேஜ் சீஸ், வான்கோழி, கிரேக்கத் தயிர், சர்க்கரையில்லாத ஜெல்லி. மதுரைக்காரர் வான்கோழிக்கு எங்கே போவார்? சாதத்தைப் பற்றி, சாம்பாரைப் பற்றி, அடையைப் பற்றி, கருவாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம். கணக்குப் போட்டால் முப்பது இட்லி! மூன்று இட்லியே இறங்காத வயிற்றுக்கு. ஆக முட்டை (ஒன்றுக்கு 6 கிராம்), மசித்த பருப்பு, மீன், பனீர், வேகவைத்து அரைத்த கொண்டைக்கடலை என்று முதலில் தின்று, சாதத்துக்கு இடமிருந்தால் கடைசியில். தமிழ்ச் சாப்பாட்டு இலையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சாதம் நடுவில், மற்றதெல்லாம் ஓரத்தில் என்று ஐம்பது வருடம் சாப்பிட்டவரிடம் இதை ஆங்கிலத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் எப்படி விளங்கும்?

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. மட்டன் அடைக்கும், கீரைத்தண்டு அடைக்கும், சுண்டல் அடைக்கும். முறுக்கு? வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் அதே ரகம். ரெண்டு தடவை மட்டனால் அவஸ்தைப்பட்டவர் மெல்ல மெல்ல "எனக்கு ஒத்துக்குறது இதுதான்" என்று டீயும் பிஸ்கட்டும் ஆகிவிடுவார். இரண்டு மூன்று வருடத்தில் எடை திரும்பி ஏறும், முடி கொட்டும், உடம்பில் தெம்பு இருக்காது. அப்போது ஊர் சொல்லும், "பாத்தியா, நாக்கை அடக்க முடியல". அவர் நாக்கை அடக்காததால் அல்ல ஐயா, இறங்குகிறதைத் தின்றார். இறங்குவதெல்லாம் நல்லதில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சாராயமும் இறங்குகிற கட்சிதான். பைபாஸுக்குப் பிறகு வேகமாக ரத்தத்தில் ஏறும், குறைந்த அளவிலேயே தூக்கும். அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் வருடத்தில் குடிநோய் கூடுகிறது என்று 2012லேயே அமெரிக்க ஆய்வு வெளியாகிவிட்டது. டாஸ்மாக் மாநிலத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் அவஸ்தை ரகம். இனி வருவது ஆபத்து ரகம், ஆனால் வீட்டில் வழங்கும் பெயர் அதே "ஒத்துக்கலை"தான்.

"எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கலை, வலது பக்கம் வலிக்குது." வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாவது சகஜம். பஜ்ஜியைக் குற்றம் சொல்லிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டுவார்கள்.

"முன்ன கஞ்சி இறங்குச்சு, இப்ப அதுவும் ஒத்துக்கலை." ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தைத்த வாசல் சுருங்கிக்கொண்டிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாக பலூன் விட்டு விரித்தால் சரியாகும்.

"காரம் ஒத்துக்கலை, எரியுது." தையல் ஓரத்தில் புண்ணாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மூட்டுவலி மாத்திரையும் சிகரெட்டும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

"ரெண்டு வருஷம் நல்லா இருந்தேன், இப்ப சாப்பிட்டதும் வயித்தைப் புடுங்குது, கொஞ்ச நேரத்துல சரியாயிடுது." இதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும் ரகம். பைபாஸ் செய்யும்போது குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகின்றன. கொழுப்புக் கரையக் கரைய அவை அகலமாகி, ஒரு நாள் குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். நுழைந்து நுழைந்து வெளியே வரும்வரை அது வெறும் "ஒத்துக்கலை". வெளியே வராத அன்றைக்கு ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது. சிடி ஸ்கேன்கூடச் சில சமயம் கோட்டை விடும். பைபாஸ் நடந்த வயிறு என்று தெரிந்த டாக்டர்தான் சந்தேகப்படுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயங்கரம் சத்தமில்லாமல் வருவது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒருவர் தொடர்ந்து வாந்தி எடுக்கிறார். ஒரு வாரம், ரெண்டு வாரம். "வயித்த வெட்டியிருக்குல்ல, அப்படித்தான் இருக்கும், ஒத்துக்கலை." வைட்டமின் பி12 உடம்பில் வருடக்கணக்கில் சேமிப்பு இருக்கும். பி1 எனப்படும் தயமின் அப்படி இல்லை. மொத்தமே 30 மில்லிகிராம் சுமார், இரண்டு மூன்று வாரத்தில் கஜானா காலி. காலியானால் மூளை தாக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறி ஆள் குழம்புவார். வெர்னிக்கே என்று பெயர். அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தயமினை நரம்பில் ஏற்றினால் மீளலாம். விட்டுவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகும், உயிரும் போகலாம். மருந்தோ மலிவு.

இந்தத் தயமினுக்கும் தமிழனுக்கும் பழைய உறவு உண்டு. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் செத்து விழ, புழுங்கல் அரிசி தின்ற தமிழ்த் தொழிலாளிகள் பெரும்பாலும் தப்பித்தார்கள். பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கவனித்து 1907ல் புத்தகமே போட்டார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் ரகசியம். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918ல் குன்னூரில் ஒற்றை அறையில், பெரிபெரி ஆராய்ச்சிக்காகத்தான் மெக்காரிசன் கையில் தொடங்கியது. நீலகிரி மலை மேல் உட்கார்ந்து ஆராய்ந்த அதே குறைபாடு, நூறு வருடம் கழித்து லட்சக்கணக்கில் செலவழித்து ஏசி அறையில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு வந்து சேர்கிறது என்றால் என்னத்தைச் சொல்ல!

வாந்தி எடுப்பவரைப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் என்ன நடக்கும்? எல்லோருக்கும் தெரியும். "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்." குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். மிச்சமிருந்த சொச்சத்தையும் அந்த பாட்டில் உறிஞ்சித் தீர்த்து, வரவிருந்த வெர்னிக்கேயைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடும். முன்பாகவோ கூடவேயோ தயமின் கொடுத்தால் இந்த விபத்து இல்லை. இது மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பாடம்தான். ஆனால் பாடத்தில் அது குடிநோயாளியின் கதையாக இருக்கும். முன்னால் படுத்திருப்பதோ குடியே அறியாத முப்பது வயதுப் பெண். யாருக்கு ஞாபகம் வரும்?

தவிர, ஆபரேஷன் நடந்ததே அந்த டாக்டருக்குத் தெரியாது. ஏனென்றால் வீட்டில் மறைத்திருப்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? "யோகா பண்ணினேன், நைட்ல சாப்பிடறதில்லை" என்று ஒரு பொய் தயாராக இருக்கும். பொய்யைக் காப்பாற்றுவதற்காகக் கல்யாணப் பந்தியில் எல்லோரையும் போல உட்கார வேண்டும். உட்கார்ந்தால் விடுவார்களா? "என்ன இது, கொறிக்கிறே? ஒரு வாய், எனக்காக ஒரு வாய்." அந்த ஒரு வாய் ஜாங்கிரிதான் அரைமணியில் அவளைக் குளியலறையில் கொண்டு போய் உட்கார வைக்கும். உபசாரம் பெரிய குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்பவர் வாயில் திணிப்பது உபசாரத்தில் சேர்த்தி இல்லை.

கேலிக்காரர்கள், அறியாதவர்கள், அன்பால் கொல்கிறவர்கள் என்று வீட்டார் மீதும் குற்றம் இருக்கிறது. ஆனாலும் முதல் குற்றவாளி ஆஸ்பத்திரிதான். ஆபரேஷனுக்கு முன் நோயாளியோடு அந்த வீட்டில் சமைக்கிறவரையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினால் இதில் பாதி நடக்காது. நேரமில்லை என்பார்கள். விளம்பரத்துக்கு "முன்பு - பின்பு" போட்டோ எடுக்க மட்டும் நேரம் இருக்கிறது.

கர்ப்பத்தையும் விட்டுவிட முடியாது. ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் பெண்கள்தான் அதிகம், எடை குறைந்ததும் குழந்தை தங்குவதும் எளிதாகிறது (ஒன்று, ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள்). தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கெல்லாம் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து சர்க்கரை பார்ப்பது வழக்கம். சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த நல்ல திட்டம், எத்தனையோ தாய்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பைபாஸ் ஆன பெண்ணுக்கு அந்த ஒரு டம்ளர் என்ன செய்யும் என்று மேலே படித்தவர்களுக்கே இப்போது தெரியும். முதலில் படபடப்பும் பேதியும், பிறகு சர்க்கரை அதலபாதாளம். பரிசோதனை முடிவும் நம்பத்தக்கதாக இருக்காது. அவளுக்கு வேறு வழி உண்டு. 24லிருந்து 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்துக் குறித்து வருவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது அவள் "குளுக்கோஸ் எனக்கு ஒத்துக்காது" என்றால் நர்ஸம்மா என்ன சொல்வார்? "எல்லாரும்தான் குடிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்ன? மூக்கைப் புடிச்சிக்கிட்டு குடி." நர்ஸ் மேல் தப்பில்லை. காலையிலிருந்து நாற்பது பேர் அதே சொல்லைச் சொல்லியிருப்பார்கள்.

அவள் கையில் ஒரு அட்டை இருக்க வேண்டும். தமிழில், பஸ் பாஸ் அளவில். எந்த ஆபரேஷன், எந்தத் தேதி. விடாமல் வாந்தி இருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின். சாப்பிட்டதும் வயிற்றை முறுக்கும் வலி வந்தால் அறுவை நிபுணரிடம் அன்றைக்கே. மூட்டுவலி மாத்திரை கூடாது. கர்ப்பத்தில் குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனை கூடாது. ஐந்து வரி. டிஸ்சார்ஜ் பில்லோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் முடியும். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கப் போகிறவர்கள், எத்தனை கிலோ குறையும் என்று கேட்பதற்கு முன்னால் அந்த அட்டையைக் கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.